உலகக் கோப்பைக் காய்ச்சல்: புதிதாகச் சிக்கிக்கொண்டவர்கள் கேட்கும் கேள்விகள்

ஆண்டு முழுவதும் கால்பந்தின் பக்கமே திரும்பாத ஒருவர், உலகக் கோப்பை தொடங்கிய மூன்றாம் நாள், பெயர்கூட வாயில் நுழையாத ஒரு கோல் கீப்பருக்காக நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர்கள் என்னிடம் கேட்டவையும், நானே ஒரு காலத்தில் கேட்கத் தயங்கியவையும் இங்கே இருக்கின்றன.

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பார்க்கிறேன். என்னை ரசிகர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். திருவிழாவுக்கு வந்தவரைப் பார்த்து, மற்ற நாள்களில் எங்கே போயிருந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கிளப் ஆட்டங்களை வாரம் தவறாமல் பார்ப்பவர்களுக்கு நுணுக்கங்கள் அதிகம் தெரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் பழைய கணக்குகளோடும் பழைய கசப்புகளோடும் வந்து உட்காருகிறார்கள். உங்களிடம் அந்தச் சுமை இல்லை. கண்முன் நடக்கும் ஆட்டம் மட்டுமே உங்களுக்கு இருக்கிறது. அதை நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

நேற்றுவரை எனக்கு இதில் அக்கறையே இல்லை. ஒரே ஆட்டத்தில் எப்படி இப்படி மாறிப்போனேன்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2010 ஜூலை 2. தூக்கம் வராமல் தொலைக்காட்சியைப் போட்டபோது கானாவும் உருகுவேயும் காலிறுதியில் மோதிக்கொண்டிருந்தன. இரண்டு நாடுகளைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. ஜோகன்னஸ்பர்க் மைதானம் முழுக்க வுவுசெலா ஊதலின் இரைச்சல். ஆப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் உலகக் கோப்பை அது. அந்தக் கண்டத்திலிருந்து மிஞ்சியிருந்த ஒரே அணி கானா. வென்றால், அரையிறுதிக்குப் போகும் முதல் ஆப்பிரிக்க அணி. இவ்வளவு தெரிந்ததுமே நான் கானாவின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

ஆட்டம் 1-1. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம். கானா வீரர் ஒருவர் தலையால் முட்டிய பந்து கோலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கோட்டின் மேல் நின்றிருந்த லூயிஸ் சுவாரஸ் அதைக் கையால் தட்டிவிட்டார். அவருக்குச் சிவப்பு அட்டை, கானாவுக்குப் பெனால்டி. ஆசமோவா கியான் உதைத்தார். பந்து மேல்கம்பத்தில் பட்டுப் பறந்தது. சற்று நேரத்தில், இரு அணிகளும் மாறி மாறிப் பெனால்டி உதைக்கும் ஷூட் அவுட்டில் 4-2 என்று உருகுவே வென்றது.

என்னை உலுக்கியது அந்தத் தோல்வியைவிட அதற்கு நடுவே நடந்த ஒன்று. ஷூட் அவுட்டில் கானாவுக்காக முதலில் உதைக்க வந்தவர் அதே கியான். ஒரு கண்டமே காத்திருந்த கோலைச் சில நிமிடங்களுக்கு முன்புதான் தவறவிட்டிருந்தார். பந்தை மறுபடி புள்ளியில் வைத்து, இந்த முறை கோல் போட்டார். நான் அழுதுவிட்டேன். அன்றைக்குப் பிறகு ஓர் உலகக் கோப்பையையும் விட்டதில்லை.

காரணத்தைப் பின்னால் யோசித்துப் பார்த்தேன். கால்பந்தில் கோல் என்பது அரிது. ஒரு மணி நேரம் அடக்கி வைத்த மூச்சு ஒரு நொடியில் வெளியே வருகிறது. அதோடு, ஒரு வீரரின் வாழ்வில் இந்த மேடை இரண்டு முறையோ மூன்று முறையோதான் வாய்க்கும் என்பதும் ஒவ்வோர் உதையிலும் தெரிகிறது. பார்க்கத் தெரியாதவர் என்று யாருமில்லாத அளவுக்கு அது வெளிப்படையான நாடகம்.

என் நாடு போட்டியில் இல்லை. எந்த அணியை ஆதரிப்பது?

இதில்தான் திடீர் ரசிகருக்கு இருக்கும் சுதந்திரம் வேறு யாருக்கும் இல்லை. 1930 முதல் 2022 வரை நடந்த 22 போட்டிகளில் கோப்பையை வென்றவை எட்டே நாடுகள்: பிரேசில், ஜெர்மனி, இத்தாலி, அர்ஜென்டினா, பிரான்ஸ், உருகுவே, இங்கிலாந்து, ஸ்பெயின். இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நீண்ட நாள் மகிழ்ச்சிக்கு வாய்ப்பு அதிகம். அதில் தவறொன்றும் இல்லை. மெஸ்ஸி ஒருவருக்காகவே அர்ஜென்டினாவின் பின்னால் போனவர்களை நான் மதிக்கிறேன். 2022இல் அர்ஜென்டினா வென்ற கோப்பை அவர்களுக்குக் கிடைத்த கூலி.

ஆனால் என்னைக் கேட்டால், சிறிய அணி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். சுமார் மூன்றரை லட்சம் மக்களே உள்ள ஐஸ்லாந்து, 2018இல் தன் முதல் உலகக் கோப்பை ஆட்டத்திலேயே அர்ஜென்டினாவை 1-1 என்று நிறுத்தியது. மெஸ்ஸியின் பெனால்டியைத் தடுத்த கோல் கீப்பர் ஹானஸ் ஹால்டோர்சன் திரைப்பட இயக்குநராகவும் வேலை பார்த்தவர். பயிற்சியாளர் ஒரு பல் மருத்துவர். 2014இல் கோஸ்டாரிகா விழுந்த குழுவில் உருகுவே, இத்தாலி, இங்கிலாந்து என்று மூன்று முன்னாள் சாம்பியன்கள். கோஸ்டாரிகாதான் அந்தக் குழுவில் முதலிடம் பிடித்தது. இப்படி ஓர் அணியோடு நீங்கள் முதல் நாளிலிருந்தே இருந்திருந்தால், அந்த ஒரு மாதத்தை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு வேண்டுகோள் மட்டும். தேர்ந்தெடுத்த அணி வெளியேறும்வரை மாறாதீர்கள். வெளியேறிய பிறகு இன்னொன்றைத் தேடிக்கொள்ளலாம், அது துரோகமாகாது.

ஆஃப்சைடு என்றால் என்ன? எத்தனை முறை கேட்டாலும் புரியவில்லை.

கோலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பந்துக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதுதான் அடிப்படை. தன் அணிக்காரர் பந்தை உதைக்கும் அந்த நொடியில், எதிரணியின் பாதியில் இருக்கும் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெரும்பாலும் கோல் கீப்பர். ஆகவே கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு. அவருக்குச் சமமாக நின்றாலோ பந்துக்குப் பின்னால் நின்றாலோ இல்லை. பந்து வந்து சேரும் நேரம் கணக்கில்லை, உதைக்கப்பட்ட நேரமே கணக்கு. குழப்பம் முழுக்க இந்த இடத்தில்தான் வருகிறது. மூலையிலிருந்து உதைக்கும் கார்னர் கிக்கிலிருந்தும் பக்கக் கோட்டிலிருந்து கையால் எறியும் த்ரோ இன்னிலிருந்தும் நேரே வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது.

விதியைவிட அதை ஓர் அணி ஆயுதமாக்குவதைப் பார்ப்பது அழகு. 2022இல் சவூதி அரேபியா அர்ஜென்டினாவைச் சந்தித்தபோது, தன் தடுப்பாட்டக்காரர்களைப் பின்னுக்கு இழுக்காமல் மைதானத்தின் நடுப்பகுதி வரை முன்னேற்றி நிறுத்தியது. பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும் துணிச்சல் அது. முதல் பாதியில் அர்ஜென்டினா வலைக்குள் அடித்த மூன்று பந்துகள் ஆஃப்சைடு என்று ரத்தாயின. இடைவேளைக்குப் பிறகு ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு கோல் அடித்து சவூதி 2-1 என்று வென்றது. அதற்குமுன் அர்ஜென்டினா 36 ஆட்டங்களாகத் தோற்றிருக்கவில்லை. அன்று சவூதியின் பயிற்சியாளர் எர்வே ரெனார் என்ற பிரெஞ்சுக்காரர். அவரைப் பற்றிக் கீழே மறுபடி வரும்.

ஒரு கோலும் விழாத ஆட்டத்தில் எதைப் பார்ப்பது?

பந்தைவிட்டுக் கண்ணை எடுத்துப் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே நடுக்கள வீரர் தோளுக்குப் பின்னால் இருமுறை திரும்பிப் பார்ப்பார். எதிராளி எங்கே நிற்கிறார் என்று அப்போதே மனத்தில் குறித்துவிடுகிறார். தடுப்பாட்டக்காரர்கள் நால்வரும் கயிற்றில் கட்டியதுபோல ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவார்கள். அந்தக் கயிறு எங்கே அறுகிறது என்று கவனித்தால், கோல் விழுவதற்குச் சில நொடிகள் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

2010இல் ஸ்பெயின், தோற்றால் வெளியேற வேண்டிய தன் நான்கு நாக் அவுட் ஆட்டங்களையும் 1-0 என்றே வென்று கோப்பையைத் தூக்கியது. இறுதிப் போட்டியின் அந்த ஒரு கோலை இனியெஸ்தா 116ஆவது நிமிடத்தில் அடித்தார். சலிப்பு என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது, பூட்டு திறக்கும்வரை சாவியைப் பொறுமையாகத் திருப்பிக்கொண்டே இருப்பவரைப் பார்ப்பது போலிருந்தது.

குழுச் சுற்றின் கடைசி நாளில் எல்லோரும் ஏன் கணக்குப் போடுகிறார்கள்?

வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. 2022 வரை, புள்ளிகள் சமமானால் அடித்த கோல், வாங்கிய கோல் என்று கணக்கு நீண்டது. 2018இல் ஜப்பானும் செனகலும் அதற்குப் பிறகும் எல்லாவற்றிலும் சமமாக நின்றன. குறைவான மஞ்சள் அட்டை வாங்கியிருந்த ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது.

ஒரு குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1982இல் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதுவதற்கு முந்தைய நாளே, அதே குழுவில் இருந்த அல்ஜீரியா தன் ஆட்டங்களை முடித்திருந்தது. ஜெர்மனி 1-0 என்று வென்றால் இரண்டு அணிகளுக்கும் போதும். பத்தாவது நிமிடத்தில் அந்த கோல் விழுந்தது. அதன் பிறகு இரண்டு அணிகளும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தன. அல்ஜீரியா வெளியேறியது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு வந்தது.

இதன் பலனை முழுமையாகக் கண்டது 2022 டிசம்பர் 2 அன்று. ஒரு மைதானத்தில் தென்கொரியாவும் போர்ச்சுகலும். இன்னொன்றில், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் கானாவும் உருகுவேயும். உருகுவே 2-0 என்று முன்னிலையில் இருந்தது. அந்த நிலையில் அடுத்த சுற்று அதற்கே. ஆனால் மற்ற மைதானத்தில் 90 நிமிடம் முடிந்த பின்பு கொரியாவின் சோன் ஹியூங்-மின் மைதானத்தின் பெரும்பகுதியை ஓடிக் கடந்து, எதிராளியின் கால்களுக்கு இடையே பந்தைத் தள்ளினார். ஹ்வாங் ஹீ-சான் கோல் அடித்தார். கொரியா 2-1. கொரியாவும் உருகுவேயும் புள்ளியிலும் கோல் வித்தியாசத்திலும் சமம்; மொத்தம் அடித்த கோல்களில் கொரியா மேலே. உருகுவேக்கு இன்னும் ஒரே ஒரு கோல் வேண்டும். கொரிய வீரர்கள் தங்கள் ஆட்டம் முடிந்தும் மைதானத்தின் நடுவில் வட்டமாகக் கூடி, கைபேசியில் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது கோல் விழவே இல்லை. மாற்று வீரர்களின் இருக்கையில் சுவாரஸ் சட்டையால் முகத்தை மூடி அழுதார். கானாவும் அன்றைக்கு வெளியேறியது. 2010இலிருந்து அவர்மேல் நான் சுமந்துகொண்டிருந்த கோபம், அந்த அழுகையைப் பார்த்தபோது எங்கோ போய்விட்டது.

2026 முதல் 48 அணிகள், 12 குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு அணிகளோடு, மூன்றாமிடம் பிடித்தவற்றில் சிறந்த எட்டும் அடுத்த சுற்றுக்குப் போகின்றன. கணக்கு இன்னும் கூடும். தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

90 நிமிடம் முடிந்தும் ஆட்டம் ஏன் முடியவில்லை?

கடிகாரம் நிற்பதில்லை. காயம், மாற்று வீரர், வீடியோ பரிசோதனை ஆகியவற்றில் வீணான நேரத்தை நடுவர் கடைசியில் சேர்த்துக் கொடுக்கிறார். 2022இல் இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டும் 14 நிமிடங்கள் சேர்க்கப்பட்டன. நாக் அவுட்டில் டிரா ஆனால் பதினைந்து பதினைந்தாக 30 நிமிடக் கூடுதல் நேரம், அதன் பிறகு பெனால்டி ஷூட் அவுட். எனவே 89ஆவது நிமிடத்தில் எழுந்து போகாதீர்கள்.

ஷூட் அவுட் அநியாயம் இல்லையா?

கொடுமை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அநியாயம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் டிரா செய்தபோது, நாணயம் சுண்டித்தான் வெற்றியாளரை முடிவு செய்தார்கள். இன்று ஒரு மனிதர் 11 மீட்டர் தூரத்திலிருந்து உதைக்கிறார், இன்னொருவர் தடுக்கிறார். முடிவு அவர்கள் கையில் இருக்கிறது. உலகக் கோப்பையில் முதல் ஷூட் அவுட் 1982இல், மேற்கு ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் இடையிலான அரையிறுதியில் நடந்தது.

உதைக்கப் போகிறவர் நடுவட்டத்திலிருந்து தனியாக நடந்து வரும் அந்தத் தூரத்தைப் பாருங்கள். உதையைவிட அந்த நடை எனக்கு முக்கியம்.

அட்டைகளும் வீடியோ நடுவரும்?

மஞ்சள் என்றால் எச்சரிக்கை. ஒரே ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் வாங்கினால் சிவப்பு. சிவப்பு வாங்கியவர் வெளியேற வேண்டும், அவருக்குப் பதில் ஆள் கிடையாது. இந்த அட்டைகள் 1970இல் அறிமுகமாயின; போக்குவரத்து விளக்குகளைப் பார்த்து கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய நடுவருக்குத் தோன்றிய யோசனை. வீடியோ உதவி நடுவர் முறை உலகக் கோப்பைக்கு வந்தது 2018இல். 2018இலும் 2022இலும் கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகியவற்றில் மட்டுமே அது தலையிட்டது. கொண்டாடிய கோலைத் திருப்பி வாங்கிக்கொள்வது வலிக்கத்தான் செய்கிறது. தவறான கோலில் வென்ற கோப்பை அதைவிட மோசம்.

எல்லா ஆட்டங்களையும் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். 104 ஆட்டங்கள். உங்கள் அணியின் ஆட்டங்கள், குழுச் சுற்றின் கடைசி நாள்கள், காலிறுதி முதல் எல்லாமும். இவை போதும். ஆனால் உட்கார்ந்தால் முழு ஆட்டத்தையும் பாருங்கள். கோல் தொகுப்பை மட்டும் பார்ப்பது, கதையின் கடைசிப் பக்கங்களை மட்டும் படிப்பது போன்றது. 2022 இறுதிப் போட்டியில் 80ஆவது நிமிடம் வரை அர்ஜென்டினா 2-0 என்று முன்னால் இருந்தது, பிரான்ஸ் ஆட்டத்திலேயே இல்லை. அந்த எண்பது நிமிட அமைதியைப் பார்த்தவர்களுக்குத்தான் எம்பாப்பே இரண்டு நிமிடத்துக்குள் அடித்த இரண்டு கோல்களின் அதிர்ச்சி முழுமையாகப் புரியும்.

விவரம் தெரிந்தவர்களோடு உட்காரும்போது கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கேளுங்கள். இந்த ஆட்டத்தை நேசிப்பவர்களுக்கு அதை விளக்கிச் சொல்வதைப் போல் இன்பம் வேறில்லை. முகம் சுளிப்பவர் இருந்தால் அடுத்த ஆட்டத்தை வேறொருவரோடு பாருங்கள். பெனால்டி உதைக்கும் நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள்.

என் அணி தோற்றுவிட்டது. இரண்டு நாளாக மனம் சரியில்லை. இது முட்டாள்தனமா?

இல்லை. சொந்தமில்லாத ஒருவரின் துக்கத்துக்காகக் கலங்கும் மனத்தை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். 1994இல் ரொபெர்த்தோ பாஜியோ நாக் அவுட் ஆட்டங்களில் ஐந்து கோல் அடித்து இத்தாலியை இறுதிப் போட்டிக்குத் தூக்கி வந்தார். ஷூட் அவுட்டில் அவர் உதை கம்பத்துக்கு மேலே போனது; பிரேசிலுக்குக் கோப்பை. இடுப்பில் கைவைத்துத் தலைகுனிந்து நின்ற அவருடைய படத்தைப் பார்த்து, இத்தாலியைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களும் கலங்கினார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. துக்கம் இருக்கலாம், அது ஒரு வீரர்மேல் வெறுப்பாகத் திரும்பக் கூடாது. 1950இல் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்றதற்கு, பிரேசில் தன் கோல் கீப்பர் மோசிர் பார்போசாவை அவர் சாகும்வரை பழித்தது. 1994இல் தவறிப்போய்த் தன் அணி மீதே கோல் போட்ட கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், நாடு திரும்பிய சில நாள்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. தவறவிட்ட வீரரைச் சமூக ஊடகத்தில் திட்டி எழுத விரல் துடிக்கும்போது இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தில் நான் மன்னிக்காதது அது ஒன்றைத்தான்.

ஆறுதலும் வரும், தாமதமாக. 2010இல் கானா கம்பத்தில் இழந்ததை 2022இல் மொரோக்கோ எட்டியது. ஸ்பெயினை ஷூட் அவுட்டிலும் போர்ச்சுகலை 1-0 என்றும் வென்று, அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணியானது. ஆட்டம் முடிந்ததும் சோஃபியான் பூஃபால் தன் தாயை மைதானத்துக்குள் அழைத்து வந்து அவரோடு நடனமாடினார். பன்னிரண்டு ஆண்டுகள் நான் காத்திருந்தது அதற்குத்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கோப்பை முடிந்துவிட்டது. மாலைகள் வெறிச்சோடிப் போய்விட்டன. இனி என்ன பார்ப்பது?

நான்கு ஆண்டுகள் சும்மா இருக்கத் தேவையில்லை. மகளிர் உலகக் கோப்பை 1991 முதல் நடக்கிறது. 2011இல் பூகம்பமும் சுனாமியும் தாக்கிய நான்கே மாதங்களில் ஜப்பான் பெண்கள் அதை வென்றார்கள்; இறுதிப் போட்டியில் அமெரிக்காவுக்கு எதிராக 117ஆவது நிமிடத்தில் ஹோமாரே சாவா சமன் செய்த அந்த கோலைத் தேடிப் பாருங்கள். ஐரோப்பியக் கோப்பை, கோபா அமெரிக்கா, ஆசியக் கோப்பை என்று வேறு பலவும் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், 2012 ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையின் இறுதிப் போட்டியைச் சொல்வேன். 1993 ஏப்ரலில் சாம்பியா தேசிய அணியை ஏற்றிச் சென்ற விமானம் காபோனின் லிப்ரவில் நகரை ஒட்டிய கடலில் விழுந்தது. அதில் இருந்த 30 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அணித்தலைவர் கலுஷா புவாலியா ஐரோப்பாவில் ஆடிக்கொண்டிருந்ததால் அந்த விமானத்தில் இல்லை. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, சாம்பியா இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அது நடந்த இடம் அதே லிப்ரவில். வீரர்கள் முதலில் கடற்கரைக்குப் போய் மலர் வைத்துவிட்டு வந்தார்கள். எதிரே நட்சத்திர வீரர் திரோக்பாவின் ஐவரி கோஸ்ட். கூடுதல் நேரம் முடிந்தும் 0-0. ஷூட் அவுட் 8-7 வரை நீண்டது, சாம்பியா வென்றது. அப்போது சாம்பியா கால்பந்துச் சங்கத்தின் தலைவர் கலுஷா. பயிற்சியாளர் எர்வே ரெனார். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே காயமடைந்து வெளியேறிய ஜோசப் முசோண்டாவால் நடக்க முடியவில்லை. ரெனார் அவரைத் தன் கைகளில் தூக்கிக்கொண்டு, மற்றவர்கள் ஆடிக்கொண்டிருந்த இடத்துக்கு நடந்தார்.